பைதர் குந்தியா நிமிர்ந்து பார்க்க மாட்டார்

பூரிக் கடற்கரைச் சாலையில் ஒரு பேச்சு ரொம்ப நாளாக உலவிக்கொண்டிருந்தது. நீல்தரங் ஹோட்டலின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் பைதர் குந்தியா ஒருவரைக் கொஞ்சம் கூடுதலாக உற்றுப் பார்த்துவிட்டால் அவர் அடுத்த அமாவாசையைத் தாண்ட மாட்டாராம். டோட்டோ என்கிற பேட்டரி ஆட்டோக்காரர்கள் ஸ்டேஷனில் சவாரி ஏற்றும்போதே இதைச் சொல்லிவிடுவார்கள். வழியெல்லாம் பேச வேறு விஷயம் தேட வேண்டாம் பாருங்கள். கடற்கரையில் சங்கும் சோழியும் விற்கிற தமயந்தியோ ஆள் பெயரையே அடுக்குவாள்.

"கட்டக் வக்கீலு ஒண்ணு. பர்தமான்காரர் ஒருத்தர், இத்தனை பெரிய மீசை, அது ரெண்டு. ஹோட்டல் துணி வெளுக்கிற மாகுனி மூணு. பெர்ஹாம்பூர் வாத்தியாரு நாலு. அஞ்சாவது யாருன்னு நீங்களே போய் நின்னு பார்த்துக்குங்க!"

விசாரித்துப் பார்த்ததில் கதை இளைத்துத்தான் போனது. கட்டக் வக்கீல் செத்தது உண்மை. ஆனால் ஹோட்டல் வாசலில் அவரை மூன்று பேர் தூக்கி இறக்கியபோதே மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. பைதர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாலும் வக்கீலால் அந்த ஒரு வழக்கில் வாய்தா வாங்கியிருக்க முடியாது. பர்தமான் மீசைக்காரரும் அதே ரகம். தலையணை உறை குறைந்ததற்காகச் சலவைக்காரன் மாகுனியை பைதர் முறைத்தது வாஸ்தவம். மாகுனி போனது குடித்துவிட்டு ரயில் பாதையில் படுத்ததால். பெர்ஹாம்பூர் வாத்தியார் பெர்ஹாம்பூரில்தான் இருக்கிறார். ஃபோனை எடுத்தார், தன் சாவுச் செய்தியை நிதானமாகக் கேட்டுக்கொண்டார், அந்த ஹோட்டலில் பருப்பில் உப்பு தூக்கல் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஆக, ஊர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அவர்கள் செத்தது பைதர் பார்த்ததால் அல்ல. சாகப் போகிறவர் யார் என்று பார்த்துக் கண்டுபிடிப்பது அவருடைய உத்தியோகம். அதற்காகத்தான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

பூரி மண்ணில் உயிர் போனால் திரும்பிப் பிறக்க வேண்டாம். ஸ்வர்க்கத்வார் சுடுகாடு கடற்கரையிலேயே இருக்கிறது. இந்தப் பக்கம் மசாலாப் பொரி, அந்தப் பக்கம் சிதை, நடுவில் ஒட்டகச் சவாரி. அதனால் கடல் பார்க்க வருகிறவர்களின் கூட்டத்தோடு கூட்டமாக, டாக்டர்கள் கைவிட்ட நோயாளியைக் குல்லாய் மாட்டி, சால்வை சுற்றி, டூரிஸ்ட் மாதிரி நடத்தி வந்து அறை எடுக்கிற குடும்பங்களும் உண்டு. இரண்டு நாள், மூன்று நாள், காரியம் முடிந்தால் பக்கத்திலேயே ஸ்வர்க்கத்வார். ஹோட்டலுக்கும் சுடுகாட்டுக்கும் இடையில் ஒரு லஸ்ஸிக் கடைதான்.

நீல்தரங்கில் ஒரே ஒருமுறை அப்படி நடந்தது. நூற்று நான்காம் அறையில் நைஹாட்டியிலிருந்து வந்த ஒரு விதவை அம்மாள் இரண்டாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் அழுதார்கள், பிறகு ஹோட்டல்காரர்களின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள், ஊருக்குப் போய் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். 'அம்மா எதற்காக வந்தாளோ அது கிடைத்தது. ஊழியர்கள் மிகவும் உதவினார்கள். அறை எண் 104-ஐப் பரிந்துரைக்கிறோம்.' அந்த வாரம் தேனிலவுக்குப் பதிவு செய்திருந்த அத்தனை பேரும் ரத்து செய்தார்கள். முதலாளி கஜேந்திர ஸாஹு அந்த ஐந்து நட்சத்திரத்தை அழிக்க யார் யார் காலிலோ விழுந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. திட்டினால் நீக்கலாம், பாராட்டை எப்படி நீக்குவது?

அன்றைக்குத்தான் ஸாஹு பாபு பைதரைக் கூப்பிட்டுச் சொன்னார். "இனிமே வாசல்லயே ஆளைப் பாரு. போற மாதிரி இருந்தா ரூம் இல்லேன்னுடு. இன்னொரு சாவு இந்தக் கூரைக்கு அடியில விழுந்துச்சுன்னா, அதுக்கு அடுத்து இங்கேருந்து வெளியே போறது நீதான்."

"ஆக்ஞா" என்றார் பைதர். அவர் வாழ்நாளில் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். உத்தரவு, சரி, ஆமாம், மன்னியுங்கள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

குந்தியா என்பது கோயில் ஊழியக் குடும்பம். அப்பா காலத்தில் அதுவே சோறு போட்டது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்று பங்கு பிரிந்து பிரிந்து, பைதர் கைக்கு வந்தபோது வருஷத்தில் ஒரு பகலும் அரை ராத்திரியும் முறை மிஞ்சியது. அதை வைத்து ஜாதகத்தில் எழுதலாம், அரிசி வாங்க முடியாது. யாத்ரீகர்களுக்கு இடம் காட்டுகிற ஆளாக ரயிலடியில் ஓடினார். வங்காளம் பேசக் கற்றார். வங்காளிகளிடம் பேரம் பேச மட்டும் கடைசிவரை கற்கவில்லை. கடற்கரையில் அட்டையில் செய்த பெரிய மீனின் வாய்க்குள் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்தார். எல்லார் கையிலும் ஃபோன் வந்ததும் அட்டை மீன் வாயை மூடிக்கொண்டது. பிறகுதான் நீல்தரங்.

கம்ப்யூட்டரில் விருந்தினர் வகை ஐந்து: குடும்பம், தேனிலவு, யாத்திரை, குழு, கம்பெனி வேலை. பைதருக்கு அது போதவில்லை. ஸ்டவ்வோடு வருகிறவர்கள் என்று தனி வகை. குளியலறையில் மீன் கழுவுவார்கள், அவர்களுக்குப் பின்பக்கத்து அறை. மீசை அரும்பிய பையனை 'சின்னக் குழந்தை' என்று கட்டணமில்லாமல் நுழைப்பவர்கள் ஒரு வகை. அறைக்குள் போனதும் கடலுக்கு முதுகைக் காட்டி மெத்தையைத் தட்டிப் பார்ப்பவர்கள் ஒரு வகை. சமுத்திரராஜனே வந்து கால் கழுவினாலும் அவர்களிடமிருந்து மூன்று நட்சத்திரத்துக்கு மேல் வராது.

கடைசி வகைக்கு அவர் பெயர் வைக்கவில்லை. அடையாளம் மட்டும் தெரியும். சாலை திரும்பியதும் கடல் வந்துவிடும். வண்டியை விட்டு இறங்குகிற எவரும் முதலில் அந்தப் பக்கம்தான் திரும்புவார்கள், வருஷா வருஷம் வருகிறவர்கள்கூட. சாகிறவரைக் கூட்டி வருகிற குடும்பம் மட்டும் ஹோட்டலின் படிக்கட்டைப் பார்க்கும். எத்தனை படி, கைப்பிடி உண்டா, எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது. அப்புறம்தான் பைதர் அந்த நடுவில் நிற்கிற முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "அடடா, இப்பதான் ஒரு குரூப் வந்து மொத்தமா எடுத்துக்கிட்டாங்களே பாபு" என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் பலகை நிறையச் சாவி தொங்கும். அவர்கள் சாவிகளைப் பார்ப்பார்கள். சண்டை போட்டவர்கள் ஒருவருமில்லை. மறுபடி தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்களில் சிலர் நாலு கட்டடம் தள்ளி, இரக்கமோ கண்பார்வைக் குறைவோ உள்ள வேறு ஹோட்டலில் அறை பிடித்துச் சாகவும் செய்தார்கள். வதந்தி பிறந்தது அங்கேதான்.

வதந்தி வீட்டுக்கும் வந்தது. தெருவில் பெண்கள் அவர் வரும்போது குழந்தையின் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடினார்கள். மகள் லிப்ஸாவுக்கு நிமாபாடாவிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது, பையனுக்கு மின்வாரியத்தில் வேலை. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பெண்ணின் அப்பா தாராளமாக வரட்டும், சாப்பிடட்டும், பையனை மட்டும் பார்க்க வேண்டாம்.

மனைவி கனக் பொங்கிவிட்டாள். "ஊர்ல ஆம்பளைங்க கண்ணு எதெதுக்கோ பேர் வாங்குது. உன் கண்ணு வாங்கியிருக்கிற பேரைப் பாரு! அதை ஹோட்டல் டிராயர்லயே பூட்டி வெச்சுட்டு வீட்டுக்கு வா."

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கட்டுமா?"

"போடு. குருடன்னு சொல்லி ஒரு வரன் பார்க்கலாம்."

போட்டும் பார்த்தார். புதிதாக வந்திருந்த மேனேஜர் நௌடியால் இரண்டாம் நாளே கழற்றச் சொல்லிவிட்டான். டேராடூன் பக்கத்துப் பையன், ஹோட்டல் படிப்புப் படித்தவன், சிரித்தால் எல்லாப் பல்லும் வேலைக்கு வந்துவிடும். "குந்தியா-ஜி, நாம விக்கிறது ரூம் இல்லை, சந்தோஷம். நீங்க இன்கம்டாக்ஸ் ரெய்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க." கண்ணாடி போயிற்று. பிறகு பைதர் ஒரே வழி கண்டார். யார் வந்தாலும் மேசையைப் பார்த்தே பேசுவது. ஆதார் அட்டையைப் பார்ப்பார், பணத்தைப் பார்ப்பார், விரல்களைப் பார்ப்பார், முகத்துக்கு ஏற மாட்டார். ஆள் பார்க்கத்தான் சம்பளம்; ஆளைப் பார்க்காமலே அதை வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குளிர்கால சீசன் முழுக்க ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீராம்பூரிலிருந்து ஹிமாங்ஷு சர்க்கேல் வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட மகள் பர்ணாலி, நாற்பது வயது, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, கல்யாணமாகவில்லை. பைதர் வாசல் பக்கம் பார்த்திருந்தால் ஒரு விசித்திரம் தெரிந்திருக்கும்: கிழவர் கடலைப் பார்த்தபடி நின்றார், மகள் படிக்கட்டைப் பார்த்தாள். பைதர் பார்த்தது மேசைமேல் வந்து ஊன்றிய கிழவரின் விரல்களை மட்டும்.

"மொஷாய், ஆதார்ல இருக்கிற படமும் நானும் ஒண்ணுதானா, பார்த்துச் சொல்லுங்க" என்றார் கிழவர். வங்காளத்தில் ஐயாவுக்கு மொஷாய்.

"சரியாத்தான் இருக்கும் பாபு."

"இருக்கும்னா? பார்த்தாத்தானே தெரியும். நான் வேற எவனாவதா இருந்தா?"

"அறை நூத்தி ஏழு. கீழ்த்தளம். சுடுதண்ணி காலையில ஆறு மணிக்கு."

"ஒரு தடவை நிமிருங்களேன். கழுத்துல சுளுக்கா?"

"ஆமா பாபு, சுளுக்குதான்" என்றார் பைதர், மேசையிடம். குடும்பம் என்ற கட்டத்தைத் தட்டினார்.

மூன்று நாள் ஒன்றும் இல்லை. கிழவர் மெதுவாக நடந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார், மைதா பூரி மாதிரியான லூச்சி இரண்டும் கத்தரிக்காய் வறுவலும் சாப்பிட்டார், மாலையில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான்காம் நாள் காலை நௌடியால் தன் வழக்கப்படி மேசை மேசையாகப் பற்களைக் கொண்டுபோனான்.

"எப்படி இருக்கு ஸார் எங்க ஹோட்டல்?"

"பிரமாதம்" என்றார் கிழவர். "மெத்தை நல்லது. மீன் புதுசு. வந்த காரியம் ஒண்ணுதான் இன்னும் நடக்கல."

"எந்தக் காரியமா இருந்தாலும் சொல்லுங்க ஸார், நாளைக்குள்ள முடிச்சுக் கொடுக்கிறோம். அதுதான் எங்க கொள்கை!"

பர்ணாலி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். கிழவர் அவனை ரொம்பப் பரிவோடு பார்த்தார். "நாளைக்குள்ளயா? அவ்வளவு சீக்கிரம் வேண்டாம்ப்பா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் மகளுக்கு லீவு இருக்கு. உங்க குந்தியா மொஷாயை ஒரு நடை ரூமுக்கு அனுப்பு. அவராலதான் ஆகும்."

நௌடியால் நேராக மேசைக்கு வந்தான். "நூத்தி ஏழுக்குப் போங்க. ஏதோ கேட்கிறார். கோயில் விஷயமா இருக்கும், நீங்க அந்தக் குடும்பம்தானே. என்ன கேட்டாலும் இல்லேன்னு சொல்லாதீங்க."

அறையில் கிழவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பைதர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். தரையில் செருப்புகள், ஒரு பிளாஸ்டிக் வாளி, மருந்துப் பெட்டி. இப்படி அடுக்கிவைத்த பெட்டியை அவர் வாசலில் எத்தனையோ கைகளில் பார்த்திருக்கிறார்.

"உட்காருங்க மொஷாய். கல்லீரல். கல்கத்தாவுல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. கார்டு வேலை பார்த்தவனுக்குப் பச்சைக் கொடியோட அர்த்தம் தெரியாதா?" என்றார் கிழவர். "எங்க தெருவுல உங்களைப் பத்தித் தெரியாதவன் கிடையாது. நீல்தரங்ல ஒருத்தர் இருக்கார், பார்த்தார்னா கியாரண்டின்னு. பர்தமான்காரர் இருக்காரே, மீசை வெச்சவர், அவர் மச்சான் எனக்குச் சினேகிதர். எத்தனையோ ஹோட்டல் இருக்கு இங்கே. நான் உங்களுக்காகத்தான் இந்த ஹோட்டலைக் கேட்டு வந்தேன்."

சாகிறவர்களை வாசலோடு அனுப்புவதற்காக உட்கார வைத்த ஆள் அவர். அந்த ஆளின் பெயரை விசாரித்துக்கொண்டு சாகிறவர்கள் வருகிறார்கள்.

"அதெல்லாம் பொய் பாபு. டோட்டோக்காரனுங்க கட்டிவிட்டது. பெர்ஹாம்பூர் வாத்தியார் இன்னும் உயிரோட இருக்கார்."

"பொய்யா இருந்தா நல்லதாப் போச்சு. பொய்தானே, ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"இந்தக் கூரைக்கு அடியில ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிடும். அதோட, நான் பார்த்து நீங்க போனீங்கன்னா அந்தப் பொய் நிஜமாயிடும். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, கல்யாணத்துக்கு."

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா" என்றார் கிழவர். "என் பெண்டாட்டி போனது ஆஸ்பத்திரி வராந்தாவுல. கடைசியா அவ பார்த்தது டியூப்லைட். நான் கடலைப் பார்த்துட்டுப் போலாம்னு நினைச்சேன். ரொம்பப் பேராசையா மொஷாய்?"

பைதர் வாளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மேனேஜரிடம், "பிரசாதம் கேட்கிறார், ஏற்பாடு பண்றேன்" என்று சொன்னார். கிழவரை உடனே ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. வாசலோடு அனுப்புவது ஒரு விஷயம். கட்டிலில் படுத்து மெத்தை நல்லது என்று சொன்னவரை எழுப்பி அனுப்புவது வேறு. ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார்கள் என்று இருந்துவிட்டார். ஒவ்வொரு காலையும் நூற்று ஏழிலிருந்து இருமல் கேட்கிறதா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் மேசைக்குப் போனார். இருமல் வந்தால் ஆள் இருக்கிறார், வேலையும் இருக்கிறது.

கிழவரோ சாகிற வழியாக இல்லை. கடல் காற்று பட்டு முகம் தெளிந்தது என்று சமையல்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது லூச்சி கேட்டார். சங்கு விற்கிற தமயந்தியிடம் பேரம் பேசி, வாங்காமல் திரும்பினார். அவள் கொடுத்த வசவை அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை மதியம் பர்ணாலி வரவேற்பறைச் சோபாவில் தனியாக வந்து உட்கார்ந்தாள். கூட்டம் இல்லை. வங்காளி வழக்கப்படி 'தா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"பைதர்-தா, ஒண்ணு சொல்லட்டுமா? காலையில எழுந்ததும் பாபாவுக்கு மூச்சு இருக்கானு பார்க்கிறேன். இருந்தா அப்பாடான்னு இருக்கு. அடுத்த நிமிஷம் மிச்சம் எத்தனை நாள் லீவுன்னு மனசு கணக்குப் போடுது. அதுக்கப்புறம் பல்லு தேய்க்கப் போறேன், கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கல."

பைதர் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும்" என்றார்.

"எல்லாரும்னா யாரு? நீங்க வாசலோட அனுப்பினவங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது போய் எங்கேயோ தைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நௌடியால் மறுபடி பற்களோடு நூற்று ஏழின் மேசைக்குப் போனான். காரியம் முடிந்ததா என்று கேட்டான். கிழவர், பையன் இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறானே என்று இரக்கப்பட்டு, இன்னும் ஒரு வாரம் தங்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருந்ததால், முழுவதையும் சொல்லிவிட்டார். கல்லீரல், ஸ்வர்க்கத்வார், பைதரின் கண், எல்லாம். பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அரை மணியில் ஸாஹு பாபு ஃபோனில் இருந்தார். "பைதரா! கொடுத்த ஒரே வேலை அது! உள்ளே விட்டு ஒரு வாரம் சோறு போட்டு வெச்சிருக்கியா? சாயங்கால ஹவுரா வண்டியில ஏத்து. நீயே கொண்டுபோய் உட்கார வை. வண்டி நகர்ற வரைக்கும் அங்கே நில்லு. நகர்ந்தப்புறம் அவர் எங்கே போனாலும் ரயில்வே பாடு."

"ஆக்ஞா."

நௌடியால் இதையும் முறைப்படி செய்தான். ஹோட்டல் செலவில் வண்டி, ஒரு சாமந்தி மாலை, ஒரு பெட்டி காஜா இனிப்பு. 'மீண்டும் வருக' என்று அச்சடித்த பை. மாலையைக் கிழவர் கழுத்தில் அவனே போட்டான். அந்த மாலை எப்படித் தெரியும் என்று போட்ட பிறகுதான் உறைத்தது. கிழவர் மட்டும் சிரித்தார். "பரவாயில்லப்பா. ஒத்திகை."

பர்ணாலி ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. நாளைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம். மூட்டையைக் கட்டினாள்.

ஸ்டேஷனில் கிழவருக்கு நடை தடுமாறியது. மதியத்திலிருந்தே பேச்சு குறைந்திருந்தது. பர்ணாலி பெட்டியில் படுக்கை விரிக்கப் போனாள். பைதரும் கிழவரும் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டீக்காரன் வந்தான். பைதர் பைக்குள் கையை விடுவதற்குள் கிழவர் இரண்டு டீ வாங்கிவிட்டார்.

"வேண்டாம் பாபு, நான் கொடுக்கிறேன்."

"அடுத்த டீ உங்க கணக்கு" என்றார் கிழவர். ஊதி ஊதிக் குடித்தார். பிறகு சொன்னார். "மொஷாய், இந்த ஊரை விட்டு எத்தனையோ வண்டியைக் கொடி காட்டிக் கிளப்பியிருக்கேன். நான் போக விரும்பாத வண்டி இது ஒண்ணுதான்."

பைதர் கிளாசுக்குள் பார்த்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. ஆக்ஞா என்ற சொல்தான் வாயில் வந்தது, அதை விழுங்கிக்கொண்டார்.

கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். சன்னலோர இருக்கை. விசில் கேட்டது. கிழவர் சன்னலுக்குள்ளிருந்து, "கடைசியா ஒரு தடவை. இப்போ உங்க கூரைக்கு அடியில இல்லையே நான்" என்றார். நியாயமான பேச்சு. பைதர் நிமிர நினைத்தார். நிமாபாடா நினைவு வந்தது, தெருவில் மூடிய குழந்தை முகங்கள் நினைவு வந்தன. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். சக்கரங்கள் உருண்டு, கடைசிப் பெட்டி போய், தண்டவாளம் தெரிந்த பிறகுதான் தலையைத் தூக்கினார்.

மறுநாள் காலை மேசை ஃபோன் அடித்தது. எதிரே அசன்சோலிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் சாவிக்காக நின்றுகொண்டிருந்தது.

"பைதர்-தா, பர்ணாலி. கரக்பூர்ல இறக்கியிருக்காங்க எங்களை. பாபா போயிட்டார்."

அவர் எடுத்த சாவியை மறுபடி பலகையில் மாட்டினார்.

"எப்போன்னு தெரியல. கட்டக் வந்ததும் தண்ணி வேணுமான்னு கேட்டேன், பேசல. தூங்கறார்னு நினைச்சுப் போர்வையை இழுத்துவிட்டேன். விடிஞ்சப்புறம்தான்…" ஒரு வண்டியின் அறிவிப்பு குறுக்கே ஓடியது. "நான் அப்போ மூட்டையை வெச்சுக்கிட்டிருந்தேன். நீங்க சன்னல்கிட்டயே நின்னீங்க. வண்டி கிளம்பும்போது பாபா கண்ணு திறந்திருந்துதா? நீங்க பார்த்தீங்களா?"

அவள் என்ன கேட்கிறாள் என்பது பைதருக்குத் தெரிந்தது. அவள் கேட்பது ஒரு ஊரின் எல்லை. உயிர் போனது, வண்டி அடுத்த ஸ்டேஷனான மாலதிபாத்பூரைத் தாண்டுவதற்கு முன்பா, பின்பா. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். அந்த ஒரே ஆள் அப்போது செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவி கொடுங்க தாதா, பசங்க பாத்ரூம் போகணும்" என்றார் அசன்சோல் குடும்பத் தலைவர்.

"பார்த்தேம்மா" என்றார் பைதர் ஃபோனில். "நிமிர்ந்து பார்த்தேன். நல்லாப் பார்த்தேன். வண்டி நகர்றதுக்கு முன்னாடியே அவர் கண்ணு மூடிடுச்சு. முகம் அமைதியா இருந்துச்சு. தூங்கறார்னுதான் நானும் நினைச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. "அப்போ பூரியிலேயேதான்."

"பூரியிலேயேதாம்மா."

"நீங்க பார்த்ததாலதான் பைதர்-தா. நான் எல்லார்கிட்டயும் சொல்வேன்."

பைதர் கணக்குப் போட்டார். ஸ்ரீராம்பூரில் ஒரு தெரு, அந்தத் தெருவுக்கு மைத்துனர்கள், மைத்துனர்களுக்குச் சினேகிதர்கள். அடுத்த சீசனுக்குள் எத்தனை பேர் மேசையில் கையை ஊன்றி நிமிரச் சொல்வார்களோ. நிமாபாடாவுக்குச் செய்தி போக இரண்டு நாள் போதும். ஸாஹு பாபுவின் காதுக்கு ஒரு நாள்.

"இன்னொண்ணு" என்றாள் பர்ணாலி. "காரியத்துக்கு முன்னாடி பாபா பேர்ல எங்கேயும் பாக்கி இருக்கக் கூடாது. அங்கே ஏதாவது தரணுமா?"

"அவர் யாருக்கும் தரவேண்டியது இல்லம்மா." ஒரு பொய்க்கு மேல் அன்றைக்குப் பைதரால் ஆகவில்லை. "நான்தான் அவருக்கு ஒரு டீ தரணும். ஸ்டேஷன்ல அவர் வாங்கிக் கொடுத்தார். அடுத்தது என் கணக்குன்னார்."

அவள் யோசித்தாள். இறந்தவர் கொடுக்க வேண்டியதற்கு முறை இருக்கிறது, கழித்துவிடலாம். அவருக்கு வர வேண்டியதை என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

"அதை நான் வாங்கிக்க முடியாது பைதர்-தா. அது பாபாவோட கணக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பைதர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அசன்சோல்காரரின் ஆதார் அட்டையை வாங்கி, தலையைத் தூக்காமல், குடும்பம் என்ற கட்டத்தைத் தட்டினார். அந்த டீ இன்றுவரை பைதர் பேரிலேயே நிற்கிறது.